அவள் ஏன் திரும்பிப் போகிறாள்?

கேள்வி: குறும்படம் ஒன்றை எடிட் செய்துகொண்டிருக்கிறேன். இரண்டு ஷாட்டுக்கு நடுவில் லைன் கிராஸ் ஆகிறது என்று நண்பன் சண்டை பிடிக்கிறான். கேமரா எந்தப் பக்கம் நின்றது என்றெல்லாம் படம் பார்க்கிறவர்கள் யோசிப்பார்களா என்ன?
– கல்லூரி மாணவர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கேமராவைப் பற்றி யாரும் யோசிக்க மாட்டார்கள், அதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் உங்கள் கதாபாத்திரம் எங்கே போகிறது என்று கட்டாயம் யோசிப்பார்கள்.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலையைத் தாண்டி ஒரு பெண் வடக்கே நடந்து போகிற காட்சி. முதல் ஷாட்டைச் சாலைப் பக்கமிருந்து எடுத்தோம், பின்னால் கடல், அவள் திரையில் வலமிருந்து இடமாகப் போகிறாள். அடுத்ததைக் கடலோரப் பாறைப் பக்கம் நின்று எடுத்தோம், காலை வெயில் நேராக அவள் முகத்தில் விழுகிறது, பின்னால் பழைய கட்டடங்கள், அவ்வளவு அழகு. ஆனால் இதில் அவள் இடமிருந்து வலமாகப் போகிறாள். அவள் நடக்கிற பாதைதான் உங்கள் நண்பர் சொல்கிற லைன், அதாவது கோடு, அதன் ஒரே பக்கத்தில் கேமராவை வைத்துக்கொள் என்பதுதான் விதி. தெரிந்தும், அழகுக்கு ஆசைப்பட்டு இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டிவிட்டேன்.

வீட்டில் சித்தியிடம் ஒன்றும் சொல்லாமல் போட்டுக் காட்டினேன். "ஏம்பா, எதையாவது வீட்லயே வெச்சிட்டு வந்துட்டாளா, திரும்பிப் போறாளே?" என்றார். அது போனால் போகட்டும், அடுத்த ஷாட்டில் அவளுக்கு ஒரு ஃபோன் வரும், முகம் மெல்ல மாறும், மொத்தப் படமும் அந்த முகத்தில்தான் இருக்கிறது. சித்தி அதைப் பார்க்கவே இல்லை, அவள் எதை மறந்தாள் என்று இன்னும் தேடிக்கொண்டிருந்தார். கோடு தாண்டினால் போவது இதுதான்: பார்க்கிறவர் திசையைச் சரிசெய்துகொள்ள எடுக்கும் அந்த ஒரு நொடி நடிப்பிலிருந்து கழிகிறது. அப்புறம் பாறையில் அலை மோதும் ஷாட் ஒன்றை நடுவில் இரண்டு விநாடி வைத்தேன், சரியாகிவிட்டது. அவள் நேராகக் கேமராவை நோக்கி வருகிற ஷாட் இருந்திருந்தாலும் போதும்.

திசை பார்வையாளருக்கு முக்கியம் என்பதற்கு டிவியில் கால்பந்து பாருங்கள். முக்கியமான கேமராக்கள் எல்லாம் மைதானத்தின் ஒரே பக்கத்தில் இருக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து ரீப்ளே போட்டால் பெரும்பாலும் 'ரிவர்ஸ் ஆங்கிள்' என்று திரையிலேயே எழுதிவிடுவார்கள், இல்லாவிட்டால் எந்த அணி எந்த கோலை நோக்கி ஓடுகிறது என்பதே குழம்பிவிடும்.

உங்கள் காட்சி என்னவென்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவதாக இருந்து, யார் எங்கே இருக்கிறார்கள் என்பது முன்பே பதிந்துவிட்டிருந்தால், நல்ல நடிப்புள்ள ஷாட்டை அவர்கள் பார்க்கிற திசை மாறுகிறது என்பதற்காக மட்டும் தூக்கிப் போடாதீர்கள். துரத்தல், பயணம், தேடல் என்றால் உங்கள் நண்பர் சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: இந்தக் கோட்டு விதியைப் பெரிய இயக்குநர்களே மீறியிருக்கிறார்களே, நாம் மட்டும் ஏன் பயப்பட வேண்டும்?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: மீறியிருக்கிறார்கள். ஜான் ஃபோர்டு 1939இல் எடுத்த 'ஸ்டேஜ்கோச்' படத்தின் துரத்தல் காட்சியில் திசை மாறி மாறி வரும். ஆனால் வெட்டவெளியில் ஓடுகிற வண்டி ஒன்றே ஒன்று, துரத்துகிறவர்கள் குதிரையில், யார் யாரென்று எந்த ஷாட்டிலும் சந்தேகம் வராது. ஜப்பானிய இயக்குநர் ஓசு, உரையாடல் காட்சிகளில் கோட்டைச் சர்வசாதாரணமாகத் தாண்டுவார். படம் முழுக்க அப்படியே செய்வதால் நம் கண் சீக்கிரம் பழகிவிடுகிறது. நடுவில் ஒரே ஒரு இடத்தில் மீறினால்தான் அது தவறாகத் தெரியும்.

எடிட்டர் வால்டர் மர்ச் ஒரு 'கட்'டுக்கு, அதாவது ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததுக்கு வெட்டும் இடத்துக்கு, ஆறு அளவுகோல் வைத்து மதிப்பெண்ணும் போட்டிருக்கிறார்: உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, இந்தக் கோட்டு விஷயத்துக்கு வெறும் 5. இதைக் காட்டித்தான் பலர் விதியே வேண்டாம் என்கிறார்கள். நான் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன். சித்தியிடம் நான் இழந்தது அந்த 5 மட்டுமா? கதையின் 23 போய், அந்த முகத்தின் 51உம் சேர்ந்தல்லவா போனது.

கேள்வி: திசை மாறிய ஷாட்டை எடிட்டிங்கில் ஃப்ளிப் செய்துவிட்டால், அதாவது இடம் வலமாக மாற்றிவிட்டால், போதாதா?
– திருமண வீடியோ எடிட்டர், வில்லியனூர்

பதில்: சில சமயம் போதும். ஆனால் உங்கள் தொழிலில் ரொம்பக் கவனம் வேண்டும். ஃப்ளிப் செய்தால் புடவை முந்தானை இடது தோளிலிருந்து வலது தோளுக்குப் போய்விடும், சட்டைப் பை வலது பக்கம் வந்துவிடும், மண்டப வாசலில் இருக்கும் பெயர்ப் பலகை கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறிய எழுத்தாகத் தெரியும். தாலி கட்டும்போது மணமகள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள் என்பது அந்தக் குடும்பத்துக்கே தெரியும், அந்தக் காட்சியில் கையே வைக்காதீர்கள். பந்தியில் இலையும் கையும் மட்டும் தெரிகிற ஷாட் என்றால்கூட ஃப்ளிப் செய்யக்கூடாது, எல்லாரும் இடது கையால் சாப்பிடுவார்கள்.