சூரியன் வராத ஊரில் தைப்பொங்கல்

அன்புள்ள அண்ணா,

எனக்கு ஊர் திருகோணமலைப் பக்கம் உப்புவெளி. இப்போது நோர்வேயில், ட்ரொம்சோவில் முதுமாணி படிக்கிறேன். இந்த முறை பொங்கல் 15ஆம் திகதி, வியாழக்கிழமை, வகுப்பு நாள். நவம்பர் கடைசியில் போன சூரியன் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. ஊரில் பானை வைக்கிற நேரத்துக்கே நானும் வைக்கவேண்டும் என்கிறா அம்மா, அப்போது இங்கே இரவு இரண்டு மணி. கூடப் படிப்பவர்களோ சனிக்கிழமைக்கு மாற்று, எல்லாரும் சாப்பிட வருகிறோம் என்கிறார்கள். சூரியனே இல்லாத இடத்தில் பொங்கி யாருக்குப் படைப்பது, பேசாமல் விட்டுவிடலாமா என்றும் இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

விடவேண்டாம். அன்றைக்கே பொங்குங்கள். இரவு இரண்டு மணிக்கு மட்டும் வேண்டாம், பொதுக் குசினியில் அந்த நேரம் பானையை உருட்டினால் பக்கத்து அறைக்காரர் அடுத்த தை வரைக்கும் உங்களோடு கதைக்கமாட்டார்.

சூரியன் இல்லை என்கிறீர்கள். திருகோணமலையில் தை முதலாம் நாள் வெயிலைக் கண்டு பொங்கிய வருசங்கள் எத்தனை என்று அம்மாவிடமே கேட்டுப் பாருங்கள். வடகீழ்ப் பருவமழை முழுதாக ஓயாத காலம் அது. விடியப்புறம் போட்ட மாக்கோலம் ஆறு மணிக்குள் கரைந்து போயிருக்கும், தறப்பாளை இழுத்துக் கட்டி அதற்குக் கீழே மூன்று கல்லை வைத்து, நனைந்த பொச்சுமட்டை புகைந்து கண்ணெல்லாம் எரிய ஒருவர் ஊத இன்னொருவர் குடை பிடிக்க, கடல் பக்கம் கறுத்துக் கிடக்கிற முகிலைப் பார்த்துத்தான் கும்பிட்டிருக்கிறோம். 2011இல் பொங்கலுக்கு முந்திய நாட்களில் கிழக்கு மாகாணமே வெள்ளத்தில் கிடந்தது. மூதூர், வெருகல் பக்கச் சனம் பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்தது. அந்த வருசமும் தை பிறந்தது.

சரி, நேரத்துக்கு வருவோம். ட்ரொம்சோவில் சூரியன் உதிக்காத துருவ இரவு கணக்குப்படி ஜனவரி நடுவில் முடிகிறது, ஆனால் சுற்றிவர மலை என்பதால் ஊருக்குள் சூரியன் தெரிய 21ஆம் திகதி ஆகிவிடும். அதற்கு முன்பும் நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் தெற்கு வானம் வெளுக்கிறதுதானே, அந்த நேரத்தில் பொங்குங்கள். ஊரில் அப்போது பின்னேரம் நாலரை, அம்மாவும் வேலையெல்லாம் முடித்துப் போனில் ஆறுதலாக இருப்பா. தெற்குப் பக்க யன்னல் என்றதும் அது யமன் திசையல்லவா என்பா. வடக்கே 69 பாகையில் இருக்கிற பிள்ளைக்குத் தை மாதத்துச் சூரியன் தெற்கில்தான் தலைகாட்டும் என்று சொல்லுங்கள் (நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம், அவவை நாளைக்குச் சந்தையில் கண்டாலும் காண்பேன்). நேரம் கொஞ்சம் முன்பின்னானால் குற்றமில்லை. இரண்டு பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு இரண்டு நேரம் சொல்கிற ஊர்தானே நம்முடையது.

பச்சையரிசி கிடைக்காவிட்டால், அங்கே பால்கஞ்சிக்கென்று எல்லாக் கடையிலும் விற்கிற குட்டை அரிசியை வாங்குங்கள், நன்றாகக் குழையும். பயறு வறுக்கும்போது காற்றாடியைப் போட்டுவிடுங்கள். பால் விளிம்பு தாண்டி ஒரு சொட்டு விழுந்ததும் பானையைத் தூக்கிவிடவேண்டும், கண்ணாடி அடுப்பில் வழிந்து கருகினால் புகைமணி அடித்து முழுக் கட்டடமும் பனிக்குள் இறங்கி நிற்கும். சீனவெடி ஆசையே வேண்டாம், நோர்வேயில் புதுவருச இரவு சில மணி நேரம் தவிர மற்ற நாளில் வெடி கொளுத்தத் தடை.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை. எனக்கு அது பிடிக்கவில்லை. 21ஆம் திகதி ட்ரொம்சோக்காரரே சூரியன் திரும்பி வருகிற நாளென்று ஜாம் வைத்த பணிஸ் சாப்பிட்டுக் கொண்டாடுகிறார்கள். சூரியனுக்காக ஒரு நாள் ஒதுக்கிச் சாப்பிடுகிற சனத்துக்குப் பொங்கல் என்றால் என்னவென்று நீங்கள் நீட்டி விளக்கவேண்டிய தேவையே இராது. 15ஆம் திகதி உங்களுக்கென்று ஒரு சின்னப் பானை வையுங்கள். 21ஆம் திகதி பெரிய சட்டியில் இன்னொரு தரம் பொங்கி, பணிஸை அவர்கள் கொண்டுவரட்டும் என்று கூப்பிடுங்கள். கயு போடுவதென்றால் முதலே சொல்லிவிடுங்கள், கொட்டை வகை ஒத்துக்கொள்ளாத ஆட்கள் வகுப்பில் இருக்கக்கூடும்.