கிளீவ்லாந்தில் அடுத்த கோப்பை யாருக்கு: கேவலியர்ஸா, கார்டியன்ஸா?

அமெரிக்காவில் இருக்கும் எங்கள் ஊருக்கு என் பதில், கூடைப்பந்து அணியான கேவலியர்ஸ். மனசு கேட்பது என்னவோ பேஸ்பால் அணியான கார்டியன்ஸைத்தான், ஏனென்றால் அது கடைசியாக பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றது 1948-இல்.

2016-ஐப் பார்த்தவர்களுக்கு இந்த ஊரின் நிலைமை புரியும். ஜூனில் கேவலியர்ஸ் ஏழு ஆட்ட இறுதித் தொடரில் 1-3 என்று பின்தங்கி, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியை ஏழாவது ஆட்டத்தில் 93-89 என்று வீழ்த்தி, 52 வருடமாக எந்தப் பெரிய கோப்பையும் பார்க்காத ஊருக்கு அதைக் கொண்டு வந்தது. பக்கத்து ஊரான ஆக்ரனில் பிறந்த கேவலியர்ஸ் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் அன்று அழுதார், ஊரே அழுதது. அதே வருடம் பேஸ்பால் உலகத் தொடரில் நாங்கள் 3-1 என்று முன்னிலையில் இருந்து, சிகாகோ கப்ஸ் அணியிடம் ஏழாவது ஆட்டத்தில், அதுவும் வழக்கமான ஒன்பதைத் தாண்டிய பத்தாவது இன்னிங்ஸில் தோற்றோம்.

வித்தியாசம் பணத்தில் இருக்கிறது. கூடைப்பந்தில் சம்பள உச்சவரம்பு ஓரளவு சமநிலை தருகிறது, பேஸ்பாலில் அப்படி ஒன்று இல்லை, அதனால் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் போன்ற பணக்கார அணிகளோடு நாங்கள் இளம் பந்துவீச்சாளர்களை வளர்த்தெடுத்தே மோத வேண்டியிருக்கிறது. அதை அருமையாகவும் செய்கிறார்கள், ஆனால் அடிக்கிற ஆளுக்குச் செலவு செய்ய உரிமையாளர்கள் தயங்குவது எனக்குக் கோபம்தான். எங்கள் முக்கிய பேட்டர் ஹோசே ராமிரெஸ் 2022-இல் இங்கேயே தங்குவதற்கு நீண்ட ஒப்பந்தம் போட்டார், அவருக்குத் துணையாக இன்னொரு நல்ல பேட்டர் வேண்டாமா?

கேவலியர்ஸ் 2024-25-இல் வழக்கமான சீசனில் 64 ஆட்டம் வென்றும் ப்ளேஆஃப் இரண்டாம் சுற்றில் இந்தியானா அணியிடம் தோற்றது வலித்தது. இருந்தாலும் டோனவன் மிட்செலும் இவான் மோப்லியும் இருக்கும் அணியைத்தான் நான் நம்புவேன்.