கல்லாவில் உட்கார்ந்த அந்த நாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1993-ல் பிளஸ் டூ முடித்ததும் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. அப்பா படுத்த படுக்கையாக இருந்ததால் பாத்திரக்கடைக் கல்லாவில் உட்கார்ந்துவிட்டேன். கடையும் குடும்பமும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அந்த நாள்தான். இன்னொரு தடவை வாழக் கிடைக்காதா என்று மனம் அடித்துக்கொள்கிறது. என்ன செய்யலாம்?

பெயர் வேண்டாமே, விருதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று மணிக்கு ஓடும் அந்தப் படத்தில் நீங்கள் கல்லூரிக்குப் போகிறீர்கள். அப்பாவுக்கு மருந்து வாங்கியது யார், கடை ஷட்டரைத் தூக்கியது யார் என்ற காட்சி வருகிறதா? வராது. ஒன்றை மாற்றினாலும் மற்றதெல்லாம் அப்படியே இருக்கும் என்று மனம் கணக்குப் போடுகிறது. செய்த தவறுக்கு ஒரு முடிவு தெரியும்; செய்யாமல் விட்டதற்கு முடிவே இல்லை. அதனால்தான் அது வருடக்கணக்கில் வளர்கிறது. உளவியல் ஆய்வாளர்கள் தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் இருவரின் 1990-களின் ஆய்வுகளும் இதையே சொல்கின்றன.

ஒரு நோட்டு எடுங்கள். தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம். மனதை உறுத்துவதை எழுதிப் பார்க்கச் சொல்லி உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் சோதித்துப் பார்த்த அளவு இது. படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம், சாயங்காலமே எழுதிவிடுங்கள். முதலில் அன்று உங்களுக்குத் தெரிந்திருந்தது மட்டும்: கல்லூரிக் கட்டணம் எவ்வளவு, கடைக்கு எவ்வளவு கடன், டாக்டர் என்ன சொல்லியிருந்தார், வீட்டில் வேறு யார் சம்பாதித்தார்கள். அந்த வருடத்துப் பேரேடு பரணில் கிடந்தால் இறக்கிப் பாருங்கள். ஞாபகம் மாற்றிச் சொல்லும், பேரேடு சொல்லாது. ‘நான் முட்டாள்’ என்று வரி ஆரம்பித்தால் அடித்துவிட்டுத் தொகைக்குத் திரும்புங்கள். இன்றைய புத்தியை அன்றைய பையன் தலையில் ஏற்றுவது நியாயமே இல்லை.

எழுதி முடித்ததும் கொஞ்ச நேரம் மனம் கனக்கும். அதற்குப் பயந்து இரண்டாம் நாளே நிறுத்திவிடாதீர்கள்.

நான்காம் நாள் ஒரே கேள்வி: இழந்தது எது? பட்டமா, இயந்திரங்களோடு வேலையா, ஊரைவிட்டுப் போவதா? பட்டம்தான் என்றால் இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) இளங்கலைக்கு வயது உச்சவரம்பு கிடையாது. ஜனவரி, ஜூலை என இரண்டு சேர்க்கை. ஊர்தான் என்றால் பட்டம் வாங்கியும் உறுத்தல் போகாது.

தூக்கமின்மையோடு எதிலும் பிடிப்பில்லாத நிலையும் இரண்டு வாரம் தாண்டினால் நோட்டு போதாது, மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி ‘டெலி மானஸ்’ 14416 எந்த நேரமும் இலவசம். மூன்று மணிக்கும் எடுப்பார்கள்.