செயலிழந்த கணினியின் ஹார்ட் டிஸ்கிலிருந்து படங்களை மீட்க முடியுமா?

கேள்வி: கணினி திடீரென்று நின்றுவிட்டது, விண்டோஸ் தொடங்க மறுக்கிறது. பல ஆண்டுப் படங்கள் உள்ளே இருக்கின்றன. திரும்பக் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்கும். கணினி நின்றுபோனதால் ஹார்ட் டிஸ்கும் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். மதர்போர்டோ, பவர் சப்ளையோ, விண்டோஸின் ஏதாவது ஒரு கோப்போ கெட்டிருக்கலாம். டிஸ்க் தன் பாட்டுக்கு நலமாக இருக்கலாம். ஆனால் திரும்பத் திரும்ப இயக்கிப் பார்ப்பதை இப்போதே நிறுத்துங்கள். விண்டோஸை மறுபடி நிறுவிப் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு என் அக்காவின் மடிக்கணினி இப்படித்தான் நின்றது. அம்மாவின் கடைசிக் காலப் படங்கள் அதில் மட்டுமே இருந்தன. நான் பதற்றத்தில் முதலில் செய்தது, விண்டோஸோடு வரும் டிஸ்க் சோதனை நிரலான செக்டிஸ்கை ஓட்டியது. அது பெரிய தவறு. கோப்பு அமைப்பை ஒழுங்குபடுத்துவதுதான் செக்டிஸ்கின் வேலை. உங்கள் படங்களைக் காப்பது அல்ல. அதற்காக அது டிஸ்கிலேயே திருத்தி எழுதும். திரையில் செக்டிஸ்க் காட்டிய எண்ணிக்கை ஓரிடத்தில் அப்படியே உறைந்து நிற்க, டிஸ்கின் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்தது. ஒரே இடத்தைப் படிக்க முயன்று முயன்று தோற்கிறது என்று புரிந்ததும் மின்சாரத்தைத் துண்டித்தேன். பிறகு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்தால், படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள் (டிஸ்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்) 312. நல்ல டிஸ்கில் அந்த இடத்தில் பூஜ்யம் இருக்க வேண்டும்.

உங்கள் டிஸ்கில் முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். தகவல் பதிந்திருக்கும் தட்டு உள்ளே நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல, படிக்கும் முனை அதற்குச் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ‘டக்… டக்…’ என்று சீராகத் தட்டும் சத்தமோ, உரசும் சத்தமோ வந்தால் அந்த முனை பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். உடனே அணைத்துவிட்டு, தூசியில்லாத அறையில் டிஸ்கைத் திறக்கும் வசதியுள்ள மீட்பு நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் மூடியைத் திறக்காதீர்கள். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்பதையும் நம்பாதீர்கள், உள்ளே ஈரம் படிந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

சத்தம் இல்லையென்றால் டிஸ்கைக் கழற்றி, சாட்டாவை (டிஸ்கின் இணைப்பு முனையை) யுஎஸ்பியாக மாற்றும் கேபிள் வழியாக வேறொரு கணினியில் இணைத்துப் பாருங்கள். 3.5 அங்குல டிஸ்க் என்றால் கேபிளோடு தனி மின் அடாப்டரும் வேண்டும். ‘ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று மூடிவிடுங்கள். விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்படும்; மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள்.

ஃபோல்டர்கள் ஒழுங்காகத் திறந்தால் முக்கியமானவற்றை முதலில் நகலெடுங்கள், அத்தோடு வேலை முடிந்தது. திறக்கவில்லை, அல்லது பாதியில் திணறுகிறது என்றால் ஒவ்வொரு கோப்பாக இழுத்துக்கொண்டிருக்காதீர்கள். முழு டிஸ்கையும் அதைவிடப் பெரிய இன்னொரு டிஸ்கில் அச்சு அசலாகப் பிரதி எடுத்து, பிறகு எதைச் செய்தாலும் அந்தப் பிரதியில் செய்யுங்கள்.

நான் இதற்குப் பயன்படுத்தியது லினக்ஸ் பென் டிரைவிலிருந்து ஓட்டிய ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற பிரதியெடுக்கும் நிரல். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில்தான் அவற்றிடம் திரும்பி வரும். எதுவரை வந்தது என்பதை ஒரு மேப் கோப்பில் குறித்துவைப்பதால் நிறுத்தி மறுநாள் தொடரலாம். ஆனால் எது மூலம், எது பிரதி என்பதைக் கொள்ளளவையும் வரிசை எண்ணையும் பார்த்து இரண்டு முறை சரிபாருங்கள். மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் உங்கள் படங்களின் மேலேயே எழுதப்பட்டுவிடும். அக்காவின் 500 ஜிபி டிஸ்குக்கு இரண்டு இரவும் ஒரு பகலும் ஆயின. டிஸ்க் சூடேறும்போதெல்லாம் நிறுத்தி ஆறவிட்டேன்.

பிரதியில் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு நிரலை ஓட்டினால், அழிந்த பார்ட்டிஷன் பட்டியல் (டிஸ்க் எப்படிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு) பல நேரம் அப்படியே திரும்பும். அதுவும் உதவாதபோது ஃபோட்டோரெக் என்ற இன்னொரு மீட்பு நிரல். அது கோப்பு அமைப்பையே பொருட்படுத்தாமல், ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் தொடக்கத்தில் இருக்கும் அடையாள பைட்டுகளைத் தேடிப் பிடிக்கும். ஆகவே பெயரும் ஃபோல்டரும் போய்விடும், ஆயிரக்கணக்கான படங்கள் வெறும் எண்களாக வந்து குவியும். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பெயரிட அக்காவுக்கு ஒரு மாதம் ஆனது. சிலவற்றில் மேல்பாதி மட்டும் தெளிவாக இருந்தது, கீழ்ப்பாதி சாம்பல் நிறப் பட்டை. அவற்றையும் அவள் அழிக்கவில்லை.

உங்களுடையது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் ஒரு வேறுபாடு: நீங்களே அழித்த கோப்புகளின் இடத்தைக் காலி செய்யச் சொல்லும் டிரிம் கட்டளை அவற்றை விரைவில் துடைத்துவிடுவதால் அவை திரும்புவது அரிது. அழிக்காமல் கணினி மட்டும் நின்றிருந்தால், மேலே சொன்ன வழிகளையே முயலலாம்.

மீட்பு நிலையத்துக்குப் போவதாக இருந்தால், இதுவரை என்னவெல்லாம் முயன்றீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எந்த ஃபோல்டர் முதலில் வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். டிஸ்க் பாதியில் நின்றுபோனாலும் அந்தப் பகுதியாவது கைக்கு வந்திருக்கும்.