'தி டெத் கிஸ்' (1932): கேள்வி பதில்

கேள்வி: பீலா லுகோசி பெயரைப் பார்த்துதான் உட்கார்ந்தேன் சார். பேய் எப்போது வரும்?

வராது. இந்த ஹாலிவுட் படம் முழுக்கக் கொலை விசாரணைக் கதை. 1931-இல் வந்த பேய்ப் படமான 'டிராகுலா'வில் நடித்த லுகோசி, டேவிட் மேனர்ஸ், எட்வர்ட் வான் ஸ்லோன் மூவரும் இதிலும் இருக்கிறார்கள். லுகோசி ஸ்டுடியோ மேனேஜர். துப்பு துலக்குவது கதாசிரியராக வரும் மேனர்ஸ்.

கேள்வி: கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன். தொடரலாமா?

தாராளமாக. முதல் காட்சியையே இன்னொரு முறை பாருங்கள். ஒருத்தி ஒருவனை முத்தமிடுகிறாள். துப்பாக்கிச் சத்தம், அவன் சுருண்டு விழுகிறான். கேமரா பின்னால் போன பிறகுதான் அது படப்பிடிப்பு என்றே நமக்குத் தெரிகிறது. அவன் செத்த விதம் டைரக்டருக்குத் திருப்தியில்லை, மறுபடி எடுக்கலாம் என்கிறார். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. இந்தப் படத்தை இயக்கிய எட்வின் மாரினுக்கு இதுதான் முதல் படம் என்று நம்பவே முடியாது.

கேள்வி: சின்ன கம்பெனி எடுத்த படமாமே. இவ்வளவு பெரிய செட்டுக்குக் காசு ஏது அண்ணா?

செட் போட்டால்தானே காசு! கேபிஎஸ் கம்பெனி டிஃபனி ஸ்டுடியோவில் எடுத்த படம் இது. கதையும் ஸ்டுடியோவில்தான் நடக்கிறது. அதனால் படப்பிடிப்புத் தளம், விளக்குகள், படம் போட்டுப் பார்க்கும் அறை எல்லாம் கதைக்குள் வந்துவிட்டன. காசில்லாததே படத்துக்கு உயிர் கொடுத்துவிட்டது.

கேள்வி: கறுப்பு வெள்ளைப் படத்தில் நடுவில் கலர் வருகிறதாமே?

ஆமாம், கையால் தீட்டிய கலர். கஸ்டாவ் பிராக் என்ற ஓவியரின் வேலை. டார்ச் வெளிச்சம், நெருப்பு என்று சில இடங்களுக்கு மட்டும். பேசும் படத்தில் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். பத்து நொடி நெருப்புக்கே 240 ஃபிரேம் தீட்ட வேண்டும், அதுவும் ஒரு பிரதிக்கு! அந்தப் பொறுமையை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

கேள்வி: நான் பார்த்ததில் கலரே இல்லையே?

இணையத்தில் இலவசமாகச் சுற்றும் பிரதிகள் பலவற்றில் அது கிடையாது. படம் போட்டுப் பார்க்கும் அறையில் ஃபிலிம் தீப்பற்றும் காட்சிக்கு நேராகப் போய்ப் பாருங்கள். நெருப்பு சாம்பல் நிறத்தில் எரிந்தால், சரி, அதை மூடிவிட்டு வேறு பிரதி தேடுங்கள்.