கேளுங்கள், சொல்கிறோம்: வீடியோ கேம் மியூசியத்துக்குப் போகலாமா?

கே: மகள் பெர்லினில் வேலை பார்க்கிறாள். கோடை விடுமுறைக்குப் பேரனோடு அங்கே போகிறோம். வீடியோ கேமுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறதாம், போயே ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம் பிடிக்கிறான். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பதைப் பார்க்க ஒரு நாளை வீணாக்கணுமா?
- வாசகி, கோவை

ப: தாராளமாகப் போங்கம்மா, நீங்களும் விளையாடுங்கள். கார்ல் மார்க்ஸ் அல்லே என்ற பெரிய சாலையில் இருக்கிறது, யு5 மெட்ரோவில் வெபர்வீசே நிலையத்தில் இறங்கினால் பக்கம்தான். 1997-ல் தொடங்கி, நடுவில் சில வருடம் மூடிக்கிடந்து, 2011-ல் இந்த இடத்தில் மறுபடி திறந்தார்கள். கண்ணாடிக்குள் இருப்பவையும் உண்டு, ஆனால் நிறைய மெஷின்கள் கைவைத்து ஆடுவதற்கென்றே நிற்கின்றன.

அந்தச் சாலை பழைய கிழக்கு பெர்லினில் இருக்கிறது என்பதால் பாலி-ப்ளே மெஷினை மட்டும் விட்டுவிடாதீர்கள். கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனி 80-களில் தானே செய்த ஆர்கேட் மெஷின், அதாவது காசு போட்டு ஆடும் கேம் பெட்டி. ஒரே பெட்டியில் எட்டு கேம். அதில் ஒன்று, சந்துகளில் புள்ளிகளைத் தின்றபடி ஓடும் பேக்-மேன் கேம் மாதிரியே இருக்கும், ஆனால் முயலும் ஓநாயும். சோவியத் கார்ட்டூனிலிருந்து எடுத்தது. பெர்லினைப் பிரித்த தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளைகளும் இதே ஆசையோடுதான் வளர்ந்தார்கள் என்பதை அதன் முன்னால் நின்று ஆடினால் பேரனுக்குத் தானாகவே புரியும்.

நிம்ரோட் என்ற கம்ப்யூட்டரின் மாதிரியையும் காட்டுங்கள். 1951-ல் பிரிட்டனில் செய்து லண்டனில் காட்டிவிட்டு, அதே வருடம் பெர்லினுக்குக் கொண்டுவந்தார்கள். திரை கிடையாது, வெறும் விளக்குகள்தான். குவியல்களிலிருந்து மாறி மாறிக் குச்சிகளை எடுக்கும் நிம் என்ற ஆட்டத்தில், அப்போது மேற்கு ஜெர்மனியின் பொருளாதார அமைச்சராக இருந்து பிற்பாடு சான்சலரான (நம்மூர் பிரதமர் மாதிரி) லுட்விக் எர்ஹார்டையே அது தோற்கடித்தது!

கே: அந்தப் பழைய கேம் எல்லாம் போனிலேயே கிடைக்கிறதே, அப்புறம் மியூசியம் எதற்கு?
- கல்லூரி மாணவர், திருச்சி

ப: போனில் கிடைப்பது படம் மட்டும்தான் தம்பி. இருவர் திரையில் மட்டையால் பந்தைத் தட்டி ஆடும் பாங் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 1972-ல் அடாரி என்ற அமெரிக்க கேம் கம்பெனிக்காக ஆலன் அல்கார்ன் வடிவமைத்தது. அதற்குள் ப்ரோக்ராமே கிடையாது, எல்லாம் சர்க்யூட். மட்டையை நகர்த்துவது ஒரு வட்டக் குமிழ். லேசாகத் திருப்பினால் மட்டை லேசாக நகரும், சட்டென்று திருப்பினால் பாய்ந்து போகும், அந்த உணர்வு கண்ணாடித் திரையில் விரலைத் தேய்த்தால் வராது. மட்டையின் எந்தப் பகுதியில் பந்து படுகிறதோ அதற்கேற்ப அது திரும்பும் கோணம் மாறும். மட்டை திரையின் உச்சி வரை போகாது, அங்கே ஒரு சின்ன இடைவெளி இருக்கும். சர்க்யூட்டில் வந்த குறை அது, ஆனால் அது இல்லாவிட்டால் நன்றாக ஆடத் தெரிந்த இருவர் நாள் முழுக்க முடிக்காமல் ஆடிக்கொண்டிருப்பார்கள் என்று அல்கார்ன் அப்படியே விட்டுவிட்டார். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, எதிரில் ஒரு ஆளை நிறுத்திவைத்துக் குமிழைத் திருப்பும்போது தெரிவது வேறு.

கே: பரணில் கிடந்த டிவி கேமை எடுத்து புது எல்.இ.டி. டிவியில் மாட்டினேன். மற்ற கேம் எல்லாம் ஓடுகிறது. வாத்து சுடுகிற கேமில் மட்டும் எத்தனை சுட்டாலும் படவில்லை. துப்பாக்கி போய்விட்டதா?
- வாசகர், தூத்துக்குடி

ப: துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கும், டிவிதான் ஒத்துவரவில்லை. அந்தத் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை. அதன் முனையில் வெளிச்சத்தை உணரும் கண் ஒன்று இருக்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகி, அடுத்து வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றி மறையும். சரியாக அந்த நொடித்துளியில் வெளிச்சம் தெரிந்தால் குண்டு பட்டதாகக் கணக்கு. பழைய பெட்டி டிவி சிக்னல் வந்தவுடன் வரைந்துவிடும். புது டிவி படத்தை வாங்கிச் சீர்செய்து கொஞ்சம் தாமதமாகத்தான் காட்டும், அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்திருக்கும்.

சொந்தக்காரர் வீட்டில் பெட்டி டிவி ஏதாவது இருந்தால் எடைக்குப் போடவிடாமல் வாங்கி வையுங்கள். ஓடவில்லை என்றால் பழைய மெக்கானிக் யாரிடமாவது கொடுங்கள், நீங்களே பின்பக்கம் கழற்றிவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.