மூக்குக் கண்ணாடிக்கு 780 ரிங்கிட்: எதற்கு எவ்வளவு?

சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இம்முறை வந்த கேள்விகளுள் பெரும்பாலானவை கண்ணாடியின் விலையைப் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் அளித்துள்ளேன்.

கேள்வி: என் மகளுக்கு 19 வயது, இரு கண்களிலும் மைனஸ் 2.25. பட்டணத்துக் கடையொன்றில் 780 ரிங்கிட் கேட்டார்கள். லென்ஸ் மெல்லியதாக இருக்க வேண்டுமானால் அவ்வளவு ஆகும் என்கிறார்கள். செம்பனைக் குலை வெட்டும் என் கணவரின் சம்பளத்தில் இது பெருந்தொகை. இது நியாயமான விலைதானா?

பதில்: சகோதரி, அந்த 780 ரிங்கிட்டுக்குள் பிரேம், லென்ஸ், மேற்பூச்சு, கண் பரிசோதனை என நான்கு கணக்குகள் கலந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் முன்பணம் கட்ட வேண்டாம்.

மெல்லிய லென்ஸ் என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் 1.67 என்ற ஒளிவிலகல் எண் (ஒளியை வளைக்கும் திறனைக் காட்டும் எண்) கொண்ட லென்ஸாக இருக்கும். லென்ஸ்கள் 1.50, 1.56, 1.60, 1.67, 1.74 என வரிசையாக உள்ளன. எண் கூடக்கூடத் தடிப்பு குறையும், விலை ஏறும். மைனஸ் 4ஐத் தாண்டியவர்களுக்கு அந்தக் கூடுதல் விலையில் பொருள் உண்டு. உங்கள் மகளின் பவருக்கு 1.50 அல்லது 1.56 தாராளமாகப் போதும்.

தடிப்பைக் குறைக்கச் செலவில்லாத வழியும் இருக்கிறது. பிரேமின் காதுப்பிடியின் உட்புறத்தைப் பார்த்தால் 54, 18, 140 என்பது போல மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எண் லென்ஸின் அகலம், இரண்டாவது மூக்குப் பாலத்தின் அகலம், மூன்றாவது காதுப்பிடியின் நீளம். எல்லாம் மில்லிமீட்டர் கணக்கில். முதல் இரண்டையும் கூட்டினால் 72. உங்கள் மகளின் இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரம் 60 என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் மூக்கை நோக்கி 6 மில்லிமீட்டர் நகர்த்த வேண்டியிருக்கும். அதனால் காதுப் பக்கத்து ஓரம் தடித்துவிடும். அதே பவருக்கு 48, 16 என்ற பிரேமை எடுத்தால் 2 மில்லிமீட்டர் நகர்த்தினால் போதும்; சாதாரண 1.50 லென்ஸிலேயே ஓரத் தடிப்பு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் குறைந்துவிடும். பெரிய பிரேமைக் காட்டிவிட்டு, அதனால் உண்டாகும் தடிப்பைக் குறைக்க விலையுயர்ந்த லென்ஸை விற்பது எனக்குச் சற்றும் ஏற்புடையதன்று.

மிச்சப்படும் பணத்தில் ஒளிப்பிரதிபலிப்பைத் தடுக்கும் மேற்பூச்சைக் கேளுங்கள். இரவில் எதிரே வரும் வாகன விளக்கின் கூச்சம் குறையும். பவர் எழுதிய தாளையும் கண்மணிகளின் இடைத்தூரத்தையும் மறவாமல் கேட்டு வாங்கி வையுங்கள். அவை கையில் இருந்தால்தான் வேறு கடையிலும் விலை விசாரிக்க முடியும்.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது, இனிப்புநீர் உண்டு. இந்த ஆண்டில் இரண்டு முறை கண்ணாடி மாற்றியும் பார்வை தெளியவில்லை. மூன்றாவதாக ஒன்று வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்க வேண்டாம். இரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸின் நீர்ச்சத்து மாறுகிறது; அதனோடு பவரும் மாறுகிறது. சர்க்கரை உச்சத்தில் இருந்த நாளில் எடுத்த அளவுக்குச் செய்த கண்ணாடி, மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் பொருந்தாமல் போவது இயல்பு. சர்க்கரை கட்டுக்குள் வந்து சில வாரங்கள் நிலையாக நின்ற பிறகே அளவெடுக்க வேண்டும்.

அதற்கு முன் அரசாங்கச் சுகாதார கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். விழித்திரையைப் படமெடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இனிப்புநீர் விழித்திரையைத் தாக்கியிருந்தாலோ கண்புரை முற்றியிருந்தாலோ எந்தக் கண்ணாடியும் பார்வையை முழுமையாகத் தெளிவாக்காது. கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போவதே முறை. புரை அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டால், சிகிச்சைக்குப் பின் பவர் அடியோடு மாறும் என்பதால், கண்ணாடிச் செலவை அதுவரை தள்ளிப் போடுங்கள். இரண்டு கண்ணாடிக்குப் பணம் கொடுத்த பிறகும் அம்மா மங்கலாகவே பார்க்கிறார் என்பது வருத்தமாக இருக்கிறது. தாமதிக்காமல் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருக்கிறேன், வயது 47. தூரப் பார்வை நன்றாக உள்ளது. செக்ரோல் எனும் வருகை, சம்பள ஏட்டின் எழுத்துகளும் கணினித் திரையும்தான் மங்கல். புரோகிரெசிவ் லென்ஸ் போடச் சொல்கிறார்கள்.

பதில்: தூரம், நடு, கிட்டம் மூன்றையும் ஒரே லென்ஸில் தருவது புரோகிரெசிவ். தூரத்துக்குப் பவரே தேவைப்படாத நீங்கள் அந்த மேல்பகுதிக்கும் சேர்த்துப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் வயதில், மேசையில் ஏடும் திரையும் இருக்கும் தூரத்தை அளந்து சொன்னால், ஒற்றைப் பவர் வாசிப்புக் கண்ணாடி ஒன்றே இரண்டுக்கும் பெரும்பாலும் ஈடுகொடுக்கும். ஐம்பதைத் தாண்டி, எடுத்து எடுத்து மாட்டுவது தொல்லையாகும்போது புரோகிரெசிவ் பற்றி யோசியுங்கள். அப்போதும் கண்மணியின் உயரத்தை, பிரேம் உங்கள் முகத்தில் இருக்கும்போதே அளந்து குறிக்கிறார்களா என்று கவனியுங்கள். அந்த அளவு பிசகினால் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் வீண்.

கேள்வி: கணினி, கைபேசித் திரைகளின் நீல ஒளியைத் தடுக்கும் லென்ஸுக்குக் கூடுதலாக 120 ரிங்கிட் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். 17 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளிவந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) ஆய்வறிக்கை, சாதாரண லென்ஸைவிட இது கண் சோர்வைக் குறைப்பதாகக் காணவில்லை.

கேள்வி: கண்ணாடிச் செலவை வருமான வரியில் கழிக்க முடியுமா? இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுக்கலாமா?

பதில்: உடற்பேறு குறைந்தவர்களின் அடிப்படைத் துணைக் கருவிகளுக்கு 6,000 ரிங்கிட் வரை வரிக்கழிவு உண்டு; ஆனால் மூக்குக் கண்ணாடியும் பார்வை லென்ஸும் அதில் சேராது என்று வரி வாரியமே குறிப்பிட்டுள்ளது. இபிஎஃப்பில் 2024 மே 11 முதல் உள்ள மூன்றாவது கணக்கிலிருந்து குறைந்தது 50 ரிங்கிட் முதல் எந்தத் தேவைக்கும் எடுக்கலாம். எடுக்க முடியும் என்பதற்காக விலையுயர்ந்த பிரேமுக்கு அதைச் செலவிடாதீர்கள்.

கேள்வி: பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் விற்கும் வாசிப்புக் கண்ணாடி கண்ணைக் கெடுக்குமா?

பதில்: கெடுக்காது. ஆனால் அதில் இரு கண்ணுக்கும் ஒரே பவர்தான். கருவிழியின் சீரற்ற வளைவைச் சரிசெய்யும் சிலிண்டர் பவர் இருக்காது. இரு கண்களும் ஒரே அளவில் உள்ளவர்கள் கடிதம், மருந்துச் சீட்டு படிக்க அதைப் பயன்படுத்தலாம். நாற்பதைத் தாண்டியவர்கள், 1991ஆம் ஆண்டு ஒளியியல் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற ஒரு பார்வை அளவியலாளரிடம் ஒரு முறையாவது கண்ணை முழுமையாகப் பரிசோதித்துக்கொண்ட பிறகு அதை வாங்குங்கள். ஏனெனில் கண் அழுத்த நோய் (கிளௌகோமா) தொடக்கத்தில் வலியும் தராது, படிப்பதையும் தடுக்காது.